புதன்கிழமை ஊசி பழக வரும் பிள்ளைகளுக்கு

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கத்தில் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. வாசலில் 'ஜனகீய ஆரோக்கிய கேந்திரம்' என்று மலையாளத்தில் பலகை இருக்கும். உள்ளே பெஞ்சில் குழந்தையோடு காத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். ஊசி போடுகிற சிஸ்டர் என்றுதான் என்னைத் தெரியும், பதவியின் பெயர் யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகப் புதன்கிழமை தவறாமல் தடுப்பூசி போடுகிறேன். பத்து வருடமாகப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தும் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்தும் நர்சிங் மாணவிகள் என்னிடம் கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு (ஊருக்குள் வேலை பழகும் பயிற்சிக்கு) வருகிறார்கள். இப்போது பையன்களும் வருகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வாயால் சொல்லிச் சொல்லி, ஒரு குழுவுக்குச் சொன்னது இன்னொன்றுக்கு விட்டுப்போகிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

முதல் புதன்கிழமை உங்கள் கையில் சிரிஞ்ச் தரமாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊசி தோலுக்குள் இருக்கும் நேரம் சில நொடிதான். அந்த நொடிகள் வீணாகாமல் இருக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். முதல் வாரம் அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

காலையில் வேக்சின் கேரியர் (மருந்தைக் குளிராக எடுத்துவரும் பெட்டி) வந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பேக், நடுவில் ஜிப் பையில் மருந்துக் குப்பிகள். ஐஸ் பேக்கைத் தொட்டுப் பாருங்கள். மேலே நீர்த்துளி முத்துமுத்தாகப் பூத்திருக்க வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேஜையில் பரப்பி, இந்த நிலை வரும்வரை காத்திருந்து அப்புறம்தான் கேரியரில் வைக்க வேண்டும். அவசரத்தில் கல்லுப்போல இருக்கும் ஐஸ் பேக்கை அப்படியே வைத்தால் ஒட்டியிருக்கும் குப்பி உறைந்துவிடும். தடுப்பு மருந்துக்குச் சூடு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். குளிரும் கெடுக்கும் என்பதுதான் மறந்துபோகிறது. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்), டிடி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான்), ஹெபடைடிஸ் பி, பிசிவி (நிமோனியா), ஐபிவி (போலியோ ஊசி), இவையெல்லாம் ஒருமுறை உறைந்தால் போச்சு. 2 முதல் 8 டிகிரி என்று நீங்கள் பரீட்சைக்குப் படித்ததில் அந்த 2-க்கும் 8-க்குச் சமமான மரியாதை உண்டு.

நான் படித்த காலத்தில் ஒரு முகாமில் இதைக் கண்ணால் பார்த்தேன். காலையில் யாரோ ஐஸ் பேக்கை நேராக ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்துவிட்டார்கள். குப்பிகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு உறைந்திருந்தன. வெளியே முப்பது தாய்மார் காத்திருக்கிறார்கள். "கையில வெச்சுச் சூடு காட்டிப் போட்டுரலாம்" என்று ஒருவர் சொன்னார். எங்களோடு வந்த மூத்த சிஸ்டர் சம்மதிக்கவில்லை. உறைந்த குப்பியை உருகவிட்டு, நல்ல குப்பி ஒன்றையும் அதையும் சேர்த்துக் குலுக்கி மேஜையில் வைத்து எங்களைப் பார்க்கச் சொன்னார். நல்ல குப்பி பால் கலந்த தண்ணீர்போல ஒரே சீராக நின்றது. மற்றதில் அரை மணி நேரத்துக்குள் திப்பி திப்பியாக அடியில் இறங்கிவிட்டது. அந்தக் குப்பியால் குழந்தைக்கு ஊசி வலி கிடைக்கும், பாதுகாப்பு கிடைக்காது. தாய்க்கு அது தெரியவே தெரியாது. கார்டில் தேதி விழுந்துவிடும், அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவாள். முப்பது பேரிடமும் மன்னிப்புக் கேட்டு மறுநாள் வரச் சொல்லி அனுப்பினோம். அன்றிலிருந்து ஐஸ் பேக்கைக் குலுக்காமல் நான் ஒரு புதன்கிழமையும் தொடங்கியதில்லை.

அடுத்தது குப்பி. அதிலுள்ள சின்ன வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும், அதுதான் விவிஎம், மருந்து சூட்டில் கெட்டதா என்று காட்டும் அடையாளம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருக்கும்வரை போடலாம். இரண்டும் ஒரே நிறமானாலும், சதுரம் கறுத்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். காலாவதித் தேதியை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா), பிசிஜி (காசநோய்) இரண்டும் பொடியாக வரும். அதனதன் கம்பெனி கொடுத்த கரைப்பு நீரால் மட்டும், அதுவும் குளிராக இருக்கும் நீரால் மட்டும் கரைக்க வேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதுங்கள். நான்கு மணி நேரம், அல்லது முகாம் முடியும் நேரம், எது முந்துகிறதோ அதோடு சரி. மீதி இருந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டு மருந்திலும் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. பழசாகிப்போன எம்ஆர் குப்பியால் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். பென்டா, டிடி மாதிரியானவை வேறு கணக்கு. திறந்த தேதியும் நேரமும் எழுதி, குளிரிலேயே இருந்து, விவிஎம்மும் சரியாக இருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். இன்னொன்று, கரைத்த எம்ஆர் குப்பியை ஐஸ் பேக் மேல் வைக்கலாம், பென்டா குப்பியை அப்படி வைக்காதீர்கள்.

இப்போது சிரிஞ்ச். கல்லூரியில் குப்பிக்குள் முதலில் அதே அளவு காற்றைச் செலுத்திவிட்டு மருந்தை இழுக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சாதாரண சிரிஞ்சுக்கு அது சரி. இங்கே இருப்பது ஏடி சிரிஞ்ச், ஒருமுறை அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். பழக்க தோஷத்தில் காற்றை இழுத்து அழுத்திவிட்டால் சிரிஞ்ச் அங்கேயே முடிந்தது. ஒவ்வொரு குழுவிலும் முதல் நாள் இரண்டு மூன்று இப்படிப் போகும். அதனால் உறையைக் கழற்றியதும் பிஸ்டனைத் தொடாமல் ஊசியை நேராகக் குப்பிக்குள் விடுங்கள். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி முனை மருந்துக்குள் மூழ்கியிருக்கும்படி மெதுவாக இழுங்கள். குமிழி இருந்தால் சுண்டி மேலேற்றி, அளவுக்கோடு வரும்வரை மட்டும் தள்ளுங்கள். வீட்டில் பழகுவதற்கு ஏடி சிரிஞ்ச் கேட்காதீர்கள், தரவும் மாட்டேன். சாதாரண ஒரு மில்லி சிரிஞ்சும் தண்ணீரும் போதும்.

எதில் பழகுவது? கல்லூரி லேபில் ரப்பர் கை இருக்கும். அது நல்லது, ஆனால் பல பிள்ளைகள் குத்திக் குத்தி அதில் ஓட்டை விழுந்திருக்கும். தசைக்குள் போடும் ஊசிக்குக் கனமான ஸ்பாஞ்ச் போதும். தோலுக்குள் போடும் ஊசிக்கு நான் தருவது தோலோடு இருக்கும் கோழிக்கால், அது கிடைக்காத நாளில் நன்றாகப் பழுக்காத தக்காளி. வேலந்தாவளம் சந்தைக்குத் தக்காளி வரும் பருவத்தில் ஒரு கிலோ வாங்கிவந்து மேஜையில் வைத்துவிடுவேன். ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகுவது இங்கே கிடையாது.

தோலுக்குள் போடும் ஊசியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பிசிஜியை இப்போது பெரும்பாலும் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியிலேயே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் ஐபிவியில் சிறிய அளவு, 0.1 மில்லி, தோலுக்குள் போடுகிறோம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், 2023 ஜனவரியிலிருந்து ஒன்பதாம் மாதமும் சேர்த்து மூன்று தடவை. ஆகவே ஒவ்வொரு புதன்கிழமையும் இந்த ஊசி உண்டு. நர்சிங்கில் கைக்கு வரத் தாமதமாகும் வேலைகளில் இது ஒன்று.

ஆறு வாரக் குழந்தையின் மேல்கை உங்கள் இரண்டு விரல் கனம்தான் இருக்கும். இடது கையால் அந்தக் கையை அடியிலிருந்து பிடித்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை இழுத்து விறைப்பாக்குங்கள். சிரிஞ்சைத் தோலோடு கிட்டத்தட்டப் படுக்கவைக்க வேண்டும், பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் தூக்கக் கூடாது. ஊசியின் சரிவான வாய் மேலே பார்க்க வேண்டும். அந்த வாய் மறையும் அளவுக்கு, இரண்டு மில்லிமீட்டர்போல நுழைந்தால் போதும். ஊசியின் தடம் தோலுக்கு அடியில் லேசாகத் தெரிய வேண்டும். பிறகு மெதுவாக அழுத்துங்கள். கைக்கு ஓர் எதிர்ப்பு தெரியும். அந்த எதிர்ப்பைத்தான் தேட வேண்டும். சிரமமில்லாமல் மருந்து இறங்கினால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். சரியாகப் போனால் கண்ணெதிரே வெளிறிய சின்னக் கொப்புளம் எழும்பும், மேலே ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். பிசிஜிக்கு அது சுமார் ஐந்து மில்லிமீட்டர்.

கொப்புளம் எழவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஊசியை வெளியே எடுக்காமல் முனையைச் சற்று மேலே கொண்டுவந்து பாருங்கள். மருந்து முழுவதும் இறங்கிவிட்டதென்றால் இரண்டாவது தடவை போடாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள். என் முதல் பிசிஜி ஆழமாகத்தான் போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தக் குழந்தை அக்குளில் நெறி கட்டி வந்தது. ஆழமாகப் போனதால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சரியாகப் போட்டாலும் சில குழந்தைகளுக்கு நெறி கட்டும். ஆனால் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தையை அன்றிலிருந்தே பார்த்திருப்பார்கள். தப்பு நடந்தால் அன்றே சொல்லுங்கள், நான் திட்டமாட்டேன்.

தொடையில் போடுவது இதைவிட எளிது. முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில், முன்பக்கம் சற்று வெளிப்புறமாக உள்ள தசை. ஊசி செங்குத்தாக, தயங்காமல் உள்ளே போக வேண்டும். பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. போட்ட பிறகு தேய்க்கக் கூடாது, பஞ்சால் லேசாக அழுத்தினால் போதும். "இடுப்புல போடுங்க சிஸ்டர், தொடையில போட்டா காலை உதைக்கறான்" என்று பெரியவர்கள் கேட்பார்கள். குழந்தையின் பின்பக்கத்தில் கொழுப்பு அதிகம், பெரிய நரம்பும் அந்த வழியாகத்தான் போகிறது, அதனால் அங்கே போடுவதில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

குழந்தையைப் பிடிப்பது தாயின் வேலை, அதைச் சொல்லித்தருவது உங்கள் வேலை. மேஜையில் மல்லாத்திக் கையைக் காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தாய் மடியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, குழந்தையின் ஒரு கையைத் தாயின் முதுகுப்பக்கம் விட்டு, இன்னொரு கையை அவள் பிடித்துக்கொண்டு, கால்களைத் தன் தொடைகளுக்கிடையில் அடக்கினால் போதும். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போட்டால் பாதி அழுகைதான். சில தாய்மார் கூச்சப்படுவார்கள். திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், கூட வந்த ஆண்களை வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

ஆறாவது வாரத்தில் ஒரே நாளில் ஐந்து மருந்து. போலியோ சொட்டு, ரோட்டா (வயிற்றுப்போக்குக்கு எதிரானது), இரண்டும் வாயில். வலது மேல்கையில் ஐபிவி, வலது தொடையில் பிசிவி, இடது தொடையில் பென்டா. வாய்மருந்தை அழுகை தொடங்கும் முன்னே கொடுத்துவிட வேண்டும். ரோட்டாவைத் தொண்டைக்கு நேராக ஊற்றாமல் கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள். பென்டாதான் அதிகம் வலிக்கும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என் வழக்கம். பத்தாவது வாரம் ஊசி ஒன்றுதான். அதை முன்கூட்டியே சொன்னால் தாயின் முகம் தெளியும்.

கார்டுதான் எங்கள் எல்லைப் பக்கத்தில் பெரிய பாடம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது வழக்கம். பொள்ளாச்சியில் வாக்கப்பட்ட பெண் எருத்தேம்பதிக்கு வந்து பெற்றுக்கொள்கிறாள், முதல் தவணைகள் இங்கே விழுகின்றன, ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். இங்கிருந்து மதுக்கரைப் பக்கம் போனவளின் குழந்தை மலையாளக் கார்டோடு அங்கே போய் நிற்கிறது. அங்கிருந்து தென்னந்தோப்பு வேலைக்கும் சூளை வேலைக்கும் வரும் குடும்பங்கள் தமிழ்க் கார்டோடு இங்கே வருகின்றன. எழுத்து புரியவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். இந்த ஊசிகளின் அட்டவணை நாடு முழுக்க ஒன்றுதான், கட்டங்களின் வரிசை ஒன்றுதான், தேதி எண்ணில்தான் இருக்கும். யூவின்னில் (அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவேட்டில்) பதிந்திருந்தால் தாயின் போன் எண்ணை வைத்துத் தேடலாம். தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும்.

வாரத்தை எண்ணும்போது கவனம் வேண்டும். 'ஒன்றரை மாதம்' என்று தாய்மார் சொல்வார்கள், நமக்கு வேண்டியது நிறைந்த ஆறு வாரம். வியாழக்கிழமை பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் நிறைவது வியாழக்கிழமை. முந்தின நாள் புதன்கிழமை வந்தால் ஒரு நாள் குறைகிறது, அடுத்த புதன்தான் கணக்கு. தவணைகளுக்கிடையே நான்கு வாரமாவது இருக்க வேண்டும். காலண்டரை மேஜையில் வைத்து விரலால் எண்ணுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மலையாளப் பிள்ளை, நல்ல பிள்ளை, பென்டா போட்டுவிட்டு ஒரு தமிழ்த் தாயிடம் "ராத்திரி பனி வரும், பேடிக்க வேண்டா" என்றாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அந்தத் தாய் மார்கழிப் பனி என்று எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, மேலே கம்பளி என்று போர்த்திவிட்டாள். காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைக் கம்பளியில் சுற்றினால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டு ஆஷா பணியாளர் தற்செயலாகப் போய்ப் பார்த்ததால் தெரிந்தது. அதிலிருந்து மலையாளப் பிள்ளைகள் 'காய்ச்சல்' என்றும் தமிழ்ப் பிள்ளைகள் 'பனி' என்றும் ஒருமுறை எனக்குச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் மேஜைக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு தாயிடமும் நான்கு செய்தி சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். என்ன ஊசி, எந்த நோய்க்கு. என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது. அடுத்து எப்போது, எங்கே வர வேண்டும். கார்டைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவர வேண்டும். இதில் இரண்டாவதுக்கு நேரம் கொடுங்கள். காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது எந்தப் பாட்டில் என்று கேளுங்கள். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250. மூத்த பிள்ளைக்குச் சிரப்பு ஊற்றிய ஸ்பூனால் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டால் பல மடங்கு உள்ளே போய்விடும். எடைக்குத் தக்க அளவைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். வீங்கிய இடத்தில் எண்ணெயும் காப்பித்தூளும் வைக்க வேண்டாம், ஈரத்துணி போதும். பிசிஜி போட்ட இடம் இரண்டு மூன்று வாரத்தில் தடித்து, புண்ணாகி, தானே ஆறித் தழும்பாகும். அதைக் கிள்ளவோ மருந்து போடவோ வேண்டாம்.

கூட வரும் அம்மாயிகளை, அதாவது பாட்டிமாரை, ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டில் முடிவு எடுப்பது பல சமயம் அவர்கள்தான். எங்கள் ஊரில் ஒரு அம்மாயி, மருமகளை மூன்று மாதம் ஊசிக்கே விடவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது அவர் மேல்கையில் வட்டமாகத் தழும்பு தெரிந்தது. "இது எப்படி வந்ததுங்க அம்மாயி?" என்றேன். "சின்னதுல அச்சுக் குத்துனாங்க, பெரியம்மைக்கு" என்றார். அந்த அம்மை இப்போது எங்கே என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இந்தியாவில் கடைசியாக 1975-ல் பார்த்தது, அப்புறம் இல்லவே இல்லை, உங்கள் கையிலிருக்கும் தழும்பும் அதற்கு ஒரு காரணம் என்று சொன்னேன். அடுத்த புதன்கிழமை பேரனைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். பயந்தவர்களோடு வாதாடிப் பயனில்லை. அவர்கள் கையில் ஒரு தழும்பு இருக்கும், அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். விடாதீர்கள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான், கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் வைத்த கிட் மேஜையில் இருக்கிறது. காலையில் வந்ததும் அதன் தேதியைப் பார்ப்பது மாணவிகளில் ஒருவர் பொறுப்பு. உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சில் சத்தம், நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடுவது, இவை தெரிந்தால் என்னைக் கூப்பிடுங்கள். கிட் மூடியில் ஒட்டியிருக்கும் வயதுவாரி அளவுப்படி தொடைத் தசையில் அட்ரினலின், உடனே ஆம்புலன்ஸ். பள்ளிக்கூடத்தில் பத்து வயது, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு டிடி போடும்போது சிலர் பயத்தில் மயங்கி விழுவார்கள், அது வேறு. முகம் வெளிறி நாடி மெதுவாகும், படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிவார்கள். நிற்கவைத்துப் போடாமல் உட்காரவைத்துப் போடுங்கள், வரிசையில் நிற்பவர்கள் பார்க்காதபடி திரை கட்டுங்கள்.

ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். போட்டதும் அதே கையோடு ஹப் கட்டரில் (ஊசியை வெட்டும் கருவியில்) வெட்டுங்கள். குத்திக்கொண்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி உடனே சொல்ல வேண்டும், மாலைவரை மறைக்கக் கூடாது. போஸ்டிங்குக்கு வரும் முன் உங்கள் ஹெபடைடிஸ் பி மூன்று தவணையும் முடிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவருக்கு ஊசி போட வருகிறவர் தனக்குப் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது புதனோ நான்காவது புதனோ, தக்காளியிலும் கோழிக்காலிலும் கொப்புளம் ஒழுங்காக எழுகிறதென்று நான் பார்த்த பிறகு, முதலில் பத்தாவது வாரக் குழந்தை ஒன்றை உங்களிடம் தருவேன். ஒரே ஊசி, தொடையில். நான் உங்கள் இடதுபக்கம் நிற்பேன். தாயிடம் உங்கள் பெயரைச் சொல்லி, இன்று நான் போடுகிறேன் என்று கேட்டு, அவள் தலையசைத்த பிறகு போடுங்கள். வேண்டாம் என்றால் மனம் நோகாமல் சிரிஞ்சை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

எட்டரைக்கு வந்துவிடுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் வளையல் வேண்டாம். சின்ன நோட்டு ஒன்றும் ஒரு காலண்டரும் கொண்டுவாருங்கள், தக்காளி நான் வாங்கிவைக்கிறேன்.